அப்பா, 212 செக்டார், கொஞ்சம் கொசுவத்தி

ரொம்ப நாளா ஒரு தொழில்நுட்பப் பதிவு எழுதணும்னு ஆசை. "சிடி எரிக்கறது எப்படி, அதுவும் கருப்புத் திரையில கட்டளை அடிச்சு"ன்னு தலைப்பு யோசிச்சு வச்சிருந்தேன். தங்கமணி எட்டிப் பார்த்துட்டு, "இப்ப யாருங்க சிடி வச்சிருக்காங்க? லேப்டாப்புல அந்த ஓட்டையே கிடையாது"ன்னாங்க. நியாயமான கேள்வி. அதனால இது பாதி செய்முறை, பாதி கொசுவத்தி. மொக்கையா இருந்தா மன்னிச்சு விட்டுடுங்க மக்களே.

ஆரம்பம் 2003. ஓசூர் சிப்காட்டுல ஒரு சின்ன உதிரிபாகக் கம்பெனி. பெரிய வண்டிக் கம்பெனிகளுக்கு பாகம் செஞ்சு கொடுக்கற நூத்துக்கணக்கான பட்டறைகள்ல அதுவும் ஒண்ணு. எனக்கு வேலை எலெக்ட்ரிகல் மெயின்டனன்ஸ். ஆனா கம்ப்யூட்டர்ல கை வைக்கத் தெரிஞ்ச ஒரே ஆள் நான்தான்கறதால, பொட்டி சம்பந்தப்பட்ட எல்லா ஆணியும் என் தலையில.

ஆபீஸ் மூலையில ஒரு பழைய செலரான் பொட்டி. 64 எம்பி மெமரி. மானிட்டர் கிடையாது, கீபோர்டு கிடையாது. லினக்ஸ் போட்டு பைல் சர்வரா ஓட்டிக்கிட்டிருந்தோம். சிஎன்சி மெஷின் ப்ரோகிராம், ஆட்டோகேட் வரைபடம் எல்லாம் அதுலதான். முதலாளி ஒருநாள் கூப்பிட்டு, "இது புட்டுக்கிச்சுன்னா என்னப்பா பண்ணுவ?"ன்னார். எங்கிட்ட பதில் இல்ல. அடுத்த வாரம் ஒரு சிடி ரைட்டர் வாங்கிக் கொடுத்தார்.

விண்டோஸ்ல நீரோன்னு ஒரு மென்பொருள், லினக்ஸ்ல கே3பி. ரெண்டுமே அழகா இருக்கும், இழுத்துப் போட்டா வேலை முடிஞ்சுடும். ஆனா மானிட்டரே இல்லாத பொட்டியில எதை எங்க இழுத்துப் போடறது? வேற பொட்டியிலிருந்து உள்ளே நுழைஞ்சு கட்டளை அடிக்கறதுதான் ஒரே வழி. அப்படித்தான் நானும் கருப்புத் திரைக்கு வந்தேன். ஆர்வக்கோளாறு எல்லாம் இல்ல, வேற வழி இல்ல. ஹிஹி.

வேலை ரெண்டு படி. முதல் படி, எழுத வேண்டிய பைல்களை எல்லாம் ஒரே பிம்பமா கட்டறது. அதுக்கு மேக்ஐசோஎஃப்எஸ். ரெண்டாவது படி, அந்தப் பிம்பத்தை வட்டுல எழுதறது. அதுக்கு சிடிரெக்கார்ட். இதை எழுதினவர் ஜெர்மனிக்காரர் யோர்க் ஷில்லிங். 2021 அக்டோபர்ல இறந்துட்டார். மனுஷன் பயங்கரக் கறார். அவரோட மென்பொருள் ஓடும்போதே நம்மைத் திட்டற மாதிரி நாலு வரி வந்துட்டுத்தான் வேலையை ஆரம்பிக்கும். உரிமம் விஷயத்துல அவருக்கும் டெபியன்காரங்களுக்கும் ஒத்துப்போகாம, 2006-ல அவங்க தனியா பிரிச்சுக் கொண்டுபோய் வோடிம், ஜென்ஐசோஇமேஜ்னு பேர் வச்சுக்கிட்டாங்க. டிவிடி வந்தப்போ குரோஐசோஎஃப்எஸ் வந்துச்சு. அது பிம்பம் கட்டறதையும் எழுதறதையும் ஒரே மூச்சுல முடிச்சுடும்.

2.4 கெர்னல் காலத்துல இன்னொரு தலைவலி. சாதா ஐடிஇ ரைட்டரை ஸ்கஸி மாதிரி நடிக்க வைக்கணும். அப்புறம் "ஸ்கேன்பஸ்"னு சொன்னா பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்னு மூணு எண் காட்டும். அதுதான் ரைட்டரோட விலாசம். 2.6 கெர்னல் வந்தப்புறம்தான் அந்த நடிப்பு தேவையில்லாம போச்சு.

சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு தானா ஓடற மாதிரி ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வச்சேன். வேலை முடிஞ்சுதான்னு எப்படித் தெரியும்? மானிட்டர் இல்லையே. சிடிரெக்கார்டுல "எஜெக்ட்"னு ஒரு சொல் சேர்த்தா, எழுதி முடிச்சதும் தட்டு தானா வெளியே வந்துடும். வாட்ச்மேன் ஐயா கிட்ட, "தட்டு நாக்கை நீட்டினா உள்ள இருக்கறதை எடுத்து பீரோவுல வைங்க, புதுசு ஒண்ணு போட்டு மூடிடுங்க"ன்னு சொல்லி வச்சேன். அவர் எழுதப் படிக்கத் தெரியாதவர். ரெண்டு வருஷத்துல ஒரு சனிக்கிழமை தவறல.

காலி சிடி வாங்க எல்லை தாண்டணும். ஓசூர்ல பஸ் ஏறி, ஜூஜூவாடி, அத்திபெலே தாண்டி, பெங்களூர் மார்க்கெட்டுல இறங்கி எஸ்.பி. ரோட்டுக்கு நடக்கணும். கடைக்காரர் கன்னடத்துல "ஏன் பேக்கு?"ம்பார். ஐம்பது சிடி ஒரே குச்சியில கோத்து வச்சிருக்கற ஸ்பிண்டில் கேப்பேன். கம்பெனிக்கு நல்ல பிராண்டு. எனக்குச் சொந்தமா வேணும்னா பேரே இல்லாத வட்டு. ஒரு சிடிக்கு ரெண்டு மூணு ரூபாய் மிச்சம். இந்த ரெண்டு மூணு ரூபாயை ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி வருது.

இப்ப அப்பா.

அப்பாவும் சிப்காட் தொழிலாளிதான், வேற கம்பெனி. லேத்துல முப்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைச்சல். ஏ ஷிப்ட், பி ஷிப்ட், சி ஷிப்ட்னு மாறி மாறிப் போவார். ஆனா சொந்த ஊர் கிருஷ்ணகிரிப் பக்கம், பர்கூர் போற வழியில ஒரு கிராமம். அங்க அவர் லேத் ஆபரேட்டர் இல்ல, கட்டியங்காரன்.

எங்க பக்கத்துல திரௌபதி அம்மன் கோவில் திருவிழான்னா பாரதம் படிச்சு, ராத்திரியில தெருக்கூத்து நடக்கும். விடிய விடிய. துரியோதனனும் கர்ணனும் கிரீடமும் புஜக்கட்டையும் கட்டி வர்றதுக்கு முன்னாடி, கோமாளி மாதிரி ஒருத்தன் வந்து கூட்டத்தை சிரிக்க வைப்பான் பாருங்க, அவன்தான் கட்டியங்காரன். ராஜாவுக்கு வழி விடச் சொல்றதும் அவன்தான், அதே ராஜாவைக் கிண்டல் பண்றதும் அவன்தான். மத்த வேஷக்காரங்களுக்குப் பாட்டு உண்டு, பாடம் உண்டு. கட்டியங்காரனுக்கு முக்கால்வாசி அந்த நேரத்துல வாயில வர்றதுதான். எழுதி வச்ச ஏடு எதுவும் கிடையாது. அதனால அப்பாவோட கட்டியங்காரன், பாண்டவர் காலத்துலயே ஓசூர் பேக்டரிக்கு பஸ் ஏறுவான். ஓவர்டைம் கேப்பான். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணுலயும் வம்பிழுப்பான். ஓசூர்ல மூணும் தெரியாம காய்கறிகூட வாங்க முடியாது, கேக்கற ஜனத்துக்கும் மூணும் புரியும்.

சித்தப்பா மத்தளம். அவர்தான் ஒரு டேப் ரெக்கார்டரை மேடை ஓரத்துல வச்சு, 1993-லிருந்து 98 வரைக்கும் எட்டு கேசட் பதிஞ்சு வச்சிருந்தார். எல்லாம் 90 நிமிஷ கேசட். 2006-ல அப்பா ரிட்டையர் ஆனார். முட்டி வலி, கூத்துக்குப் போறதும் நின்னு போச்சு. கேசட் வேற இழுக்க ஆரம்பிச்சுது. சரி, இதை சிடியில ஏத்திடலாம்னு இறங்கினேன்.

வீட்டுப் பொட்டியில 20 ஜிபி டிஸ்க். வாக்மேன்லேர்ந்து ஒரு ஒயர் எடுத்து சவுண்டு கார்டுல சொருகி, ஏரெக்கார்டுன்னு ஒரு கட்டளை. 45 நிமிஷம் ஓடும். ஒரு பக்கத்துக்கு 476 எம்பி. பதினாறு பக்கத்துக்கும் ஏழரை ஜிபிக்கு மேல வரும், என் டிஸ்க்குல இடமே பத்தாது. அதனால ஒவ்வொரு பக்கத்தையும் லேம் வச்சு 128 கிலோபிட் எம்பி3 ஆக்கிட்டு, மூலத்தை அழிச்சுட்டேன். ஒரு பக்கம் 43 எம்பி. பதினாறும் சேர்த்து 691 எம்பி. ஒரு சிடியில கச்சிதமா உட்காரும். கணக்கு இவ்வளவு அழகா வந்ததுல எனக்கு ஒரே பெருமை.

அம்மா வந்து பார்த்தாங்க. "என்னடா பண்ற?"

"சிடி எரிக்கறேம்மா."

"காசு கொடுத்துதானே வாங்கினே, எதுக்குடா எரிக்கற?"

நெருப்பு எதுவும் இல்லைன்னு விளக்கினேன். சிடி-ஆர் வட்டுல ஒரு சாயப் படலம் இருக்கு, லேசர் அதை அங்கங்க சூடாக்கி நிறம் மாத்துது, அந்தப் புள்ளிகளைத்தான் அப்புறம் படிக்குதுன்னு. "சாயமா? அப்ப வெயில் பட்டா வெளுக்காதா?"ன்னாங்க. நான் சிரிச்சேன். அம்மா அஞ்சாங்கிளாஸ். அன்னிக்கு எனக்கு உறைக்கல மக்களே.

முதல் வட்டு சித்தப்பாவுக்கு. பைல் பேரெல்லாம் தமிழ்ல வைக்கணும்னு ஆசை. யூனிகோடுல எழுத ஆரம்பிச்ச புதுசு, அந்த ஜோர். "கர்ண மோட்சம்", "அர்ச்சுனன் தபசு"ன்னு வச்சு எரிச்சுக் கொடுத்தேன். சித்தப்பா ஊர்ல ஒரு நெட் சென்டர்ல போட்டுப் பார்த்துட்டு போன் பண்ணினார். "ஏன்டா தம்பி, இதுல சீன பாஷை மாதிரி என்னமோ வருது."

தப்பு என்னுதுதான். சிடியில பேர் ரெண்டு விதமா எழுதப்படும். லினக்ஸ் படிக்கறது ராக் ரிட்ஜ், விண்டோஸ் படிக்கறது ஜோலியட். ராக் ரிட்ஜ் நாம கொடுக்கற பைட்டை அப்படியே வச்சுக்கும். ஜோலியட்டுக்கு யூனிகோடா மாத்திக் கொடுக்கணும். மாத்தணும்னா, உள்ளே வர்றது எந்தக் குறியேற்றம்னு மேக்ஐசோஎஃப்எஸ்கிட்ட "இன்புட் சார்செட், யூடிஎஃப்-8"ன்னு சொல்லணும். நான் சொல்லல. அது ஐரோப்பிய எழுத்துன்னு நினைச்சுக்கிட்டு ஒவ்வொரு தமிழ் எழுத்தையும் மூணா உடைச்சுப் போட்டுடுச்சு. இன்னொரு விஷயம், ஜோலியட்ல பேருக்கு 64 எழுத்துதான் இடம். "கர்ண மோட்சம்" நம்ம கண்ணுக்கு இடைவெளியோட சேர்த்து எட்டு. பொட்டிக்கு பன்னிரண்டு, ஏன்னா புள்ளியும் கொம்பும் அதுக்குத் தனித்தனி. நீளமான தமிழ்ப் பேர் வச்சா சீக்கிரம் எல்லை தொட்டுடும்.

பேர்தான் குப்பை, உள்ளே குரல் நல்லாத்தான் இருந்திருக்கும். "பேரைப் பார்க்காதீங்க சித்தப்பா, கிளிக் பண்ணினா பாடும்"னேன். அவருக்கு நம்பிக்கை வரல. "சரி விடுடா, அண்ணன் வீட்டுக்கு வரும்போது கேட்டுக்கறேன்"னுட்டார்.

ரெண்டாவது வட்டு வீட்டுக்கு. இந்தத் தடவை பேர் சரியா வந்துச்சு. ஆனா அன்னிக்கு கரண்ட் போக்கும் வரத்துமா இருந்துச்சு. யூபிஎஸ் பேட்டரி கிழம், அஞ்சு நிமிஷம் தாங்கினா பெரிசு. 4 எக்ஸ் வேகத்துல எரிச்சா ஒரு முழு சிடிக்கு இருபது நிமிஷம் ஆகும். நடுவுல கரண்ட் போனா வட்டு டீ கிளாஸ் வைக்கத்தான் ஆகும். அதனால வேகத்தை உச்சத்துக்கு வச்சேன். மூணு நிமிஷம் சொச்சம். தட்டு வெளியே வந்துச்சு. முதல் பைலைப் போட்டுக் கேட்டேன், பாடிச்சு. திருப்தி. அதுவும் பேரில்லாத வட்டுதான்.

கம்பெனியில நான் அப்படிச் செய்ய மாட்டேன். எழுதினதைத் திரும்பப் படிச்சு, எம்டி5 கூட்டுத்தொகை போட்டு, மூலத்தோட ஒப்பிட்டுத்தான் பீரோவுக்கு அனுப்புவேன். அதுலயும் ஒரு சூட்சுமம் உண்டு. டிடி வச்சு வட்டை முழுசாப் படிச்சா கடைசியில ரெண்டு வெத்து செக்டார் சேர்ந்து வந்து கூட்டுத்தொகையைக் கெடுக்கும், இல்ல படிப்புப் பிழை காட்டும். ஐசோஇன்ஃபோவுல பிம்பத்தோட அளவைப் பார்த்து, அத்தனை செக்டார் மட்டும் படிக்கணும். எழுதும்போதே "டிஏஓ"ன்னு ஒரே மூச்சுல எழுதச் சொன்னா அந்த வம்பு குறையும். இதெல்லாம் தெரியும். முதலாளியோட போல்ட்டு நட்டுக்கு செஞ்சேன், அப்பாவோட குரலுக்கு செய்யல.

அப்பா வந்து வட்டை வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னாடா, எட்டு கேசட்டும் இந்தத் தட்டுக்குள்ள பூந்துடுச்சா?"

"ஆமாப்பா. இனிமே கேசட்டே வேணாம்."

இந்த ஒரு வரியைத்தான் நான் திரும்ப வாங்கிக்க முடியல. 2007 போகிக்கு அம்மா வீட்டை ஒழிச்சாங்க. கேசட் எட்டும் பூஞ்சை பிடிச்சுக் கிடந்துச்சு. "நீதான் வேணாம்னியேடா"ன்னு பழைய சாமானோட சேர்த்துப் போட்டுட்டாங்க. நான் அப்ப வேலையில இருந்தேன். வந்து தெரிஞ்சப்பவும் பெரிசா எடுத்துக்கல. அதான் சிடி இருக்கே!

2013-ல அப்பா போயிட்டார்.

அதுக்கப்புறம் அந்தச் சிடியைத் தொடவே இல்ல. கேக்கத் தைரியம் இல்லைன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். பொட்டி மாறுச்சு, வீடு மாறுச்சு. உலகமும் மாறிப்போச்சு. 2007-ல தமிழ்ப்படம் விசிடியை 28 ரூபாய்க்கு வித்து எல்லாரையும் ஆச்சரியப்படுத்தின மோசர் பேயர் கம்பெனியையே 2018-ல கலைக்கச் சொல்லி உத்தரவாயிடுச்சு. எழுதற ப்ளூ-ரே வட்டு தயாரிப்பை சோனி 2025 பிப்ரவரியோட நிறுத்திடுச்சு.

2024 போகி. திரும்பவும் வீடு ஒழிப்பு. சிடி பை கையில கிடைச்சுது. என் பொண்ணு, "தாத்தா கூத்து ஆடுவாராமே, இதுல இருக்கா?"ன்னா. ஒரு யூஎஸ்பி டிவிடி டிரைவை வாங்கிட்டு வந்து போட்டேன். சுத்துது, நிக்குது, திரும்ப சுத்துது. முதல் பத்து பைல் பாடுது. பன்னிரண்டுல கொர கொரன்னு சத்தம். பதினாறு திறக்கவே இல்ல.

வயித்துல என்னமோ பண்ணுச்சு.

அன்னிக்கு ராத்திரிதான் உக்காந்து படிச்சேன். சிடியை உள்ளேயிருந்து வெளியே எழுதும். அதாவது கடைசி பைல் எல்லாம் வட்டோட வெளி விளிம்புல. கை படறது, ஈரம் ஏறுறது, உச்ச வேகத்துல எழுதும்போது தள்ளாடறது எல்லாம் அதிகம் அங்கதான். இன்னொண்ணு, சிடியில சாயப் படலம் மேல் பக்கம், பேர் எழுதற பக்கத்துக்கு ரொம்பக் கிட்ட, ஒரு மெல்லிய பூச்சுக்குக் கீழே இருக்கு. நாம பளபளங்கற பக்கத்தைப் பொத்திப் பொத்தி வச்சு, மேல் பக்கத்துல பால்பாயிண்டு பேனாவால அழுத்தி எழுதினோம். நானும் எழுதியிருந்தேன், அப்பா பேரை. டிவிடியில ரெண்டு பிளாஸ்டிக் தகடுக்கு நடுவுல படலம் இருக்கும், அது பரவாயில்ல.

பாட்டு சிடின்னா ஒரு இடம் படிக்க முடியலைன்னா பிளேயர் பக்கத்துல இருக்கறதை வச்சு ஒப்பேத்திடும். டேட்டா சிடியில அந்தச் சலுகை கிடையாது. அதுல கூடுதலா ஒரு அடுக்கு பிழைதிருத்தம் இருக்கு, அதையும் மீறிப் போச்சுன்னா அந்த 2048 பைட்டு செக்டாரையே தர மாட்டேன்னுடும்.

இங்கதான் கருப்புத் திரை கைகொடுத்துச்சு. சாதாரணமா காப்பி பண்ணினா முதல் பிழையிலயே நின்னுடும். குனு டிடிரெஸ்கியூன்னு ஒண்ணு இருக்கு. அது முதல்ல நல்லா இருக்கற இடத்தை எல்லாம் வேகமா அள்ளிக்கும். கஷ்டமான இடத்தை ஒரு வரைபடப் பைல்ல குறிச்சு வச்சுக்கிட்டு, அப்புறம் நிதானமா திரும்பத் திரும்ப முட்டும். நிறுத்திட்டு மறுநாள் தொடங்கினாலும் விட்ட இடத்துலேர்ந்து போகும். அளவு 2048-ன்னு சொல்லிடணும், முதல் சுற்றுல சுரண்ட வேணாம்னு சொல்லணும், அடுத்த சுற்றுல மூணு தடவை முயற்சி பண்ணுன்னு சொல்லணும். அவ்வளவுதான்.

முதல் ராத்திரி முடிவுல மூவாயிரத்துச் சொச்சம் செக்டார் வரல. அப்ப ஒரு நண்பர் சொன்னார், "டிரைவை மாத்திப் பாரு. ஒவ்வொரு டிரைவோட கண்ணும் ஒவ்வொரு மாதிரி." பழைய கம்பெனிக்குப் போன் பண்ணினேன். அந்த மானிட்டர் இல்லாத பொட்டி ஸ்டோர் ரூம்ல தூங்கிட்டிருந்துச்சு. அதுல இருந்த ரைட்டரைக் கழட்டி வந்து, ஒரு மாற்றி வச்சு மாட்டி, அதே வரைபடப் பைலோட ரெண்டாவது ராத்திரி ஓட்டினேன். ஏற்கெனவே வந்ததை விட்டுட்டு, வராததை மட்டும் தேடிப் போச்சு. திரையில எண் குறைஞ்சுக்கிட்டே வருது. ரெண்டாயிரம்... எண்ணூறு... நானூறு... விடியக்காலை நாலு மணிக்கு 212-ல நின்னுச்சு. அதுக்கப்புறம் அசையல.

128 கிலோபிட்டுன்னா ஒரு நொடிக்கு 16,000 பைட்டு. ஒரு செக்டார் ஒரு நொடியில எட்டுல ஒரு பங்கு மாதிரி. 212 செக்டார்னா 27 நொடி. பன்னிரண்டு மணி நேரக் கூத்துல 27 நொடி. கணக்குப்படி பார்த்தா பிரமாதமான ரிசல்ட்.

அதுல 32 செக்டார் அங்கங்க சிதறிக் கிடந்துச்சு, காதுக்குத் தெரியவே தெரியாது. மிச்சம் 180-ம் ஒரே இடம், பதினாறாவது பைல்ல. 23 நொடி.

அந்த இடம் என்னன்னு சொல்றேன். கட்டியங்காரன் ஓசூர் பேக்டரிக்கு வேலை கேட்டுப் போறான். கேட்டுல வாட்ச்மேன் கன்னடத்துல யாருங்கறான். உள்ளே சூப்பர்வைசர் தெலுங்குல எந்த ஊருங்கறான். முதலாளி இங்கிலீஷ்ல என்னமோ கேக்கறார். மூணு பேர் மாதிரியும் அப்பா பேசிக் காட்டறார், பின்னாடி சித்தப்பா மத்தளத்துல ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு அடி. அப்புறம் அப்பா குரலைத் தாழ்த்தி, "அந்தப் பேக்டரியில எங்கிட்ட தமிழ்ல பேசினது ஒரே ஒருத்தர்தான், அது யார் தெரியுமா?"ங்கறார்.

அங்க பிளேயர் ஒரு தாவு தாவுது. நேரா சிரிப்பு. ஊரே சிரிக்குது. கிழவி ஒருத்தி இருமி இருமிச் சிரிக்கறா. அது அடங்கவே அரை நிமிஷம் ஆகுது.

பதில் போச்சு, சிரிப்பு மட்டும் இருக்கு.

சித்தப்பா கிட்ட அந்த முதல் வட்டு இருக்குமேன்னு ஞாபகம் வந்து, விடிஞ்சதும் பைக்கை எடுத்துக்கிட்டு பர்கூர் ஓடினேன். பேர்தானே குப்பை, உள்ளே எல்லாம் இருக்குமே. சித்தப்பாவுக்கு எழுபத்தஞ்சு வயசு. கேழ்வரகு கொல்லைக்குக் கூட்டிட்டுப் போனார். நாலு பக்கமும் கயிறு கட்டி, குருவி விரட்ட பழைய சிடிக்களைத் தொங்க விட்டிருந்தார். "இதுல ஏதோ ஒண்ணுடா தம்பி. பாடாத சிடின்னு நினைச்சுக் கட்டிட்டேன்." ஒவ்வொண்ணா பார்த்தேன். ஒண்ணுல என் கையெழுத்து லேசா தெரிஞ்சுது. பல வருஷ வெயில். கண்ணாடி மாதிரி அந்தப் பக்கம் தெரியுது. அம்மா கேட்டது சரிதான், சாயம் வெளுக்கத்தான் செய்யும்.

அவரைக் கோவிச்சுக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கு? பேரை ஒழுங்கா எழுதிக் கொடுத்திருந்தா அவர் கேட்டிருப்பார். கேட்டிருந்தா பத்திரமா வச்சிருப்பார்.

"சித்தப்பா, அந்த நாலாவது ஆள் யாரு? தமிழ்ல பேசினது?"

யோசிக்கவே இல்ல. "பேக்டரி சங்குடா! 'போடா ஊட்டுக்கு'ன்னு ஊதும்னு அண்ணன் சொல்வான்."

வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட சொன்னேன். அம்மா ஒத்துக்கல. "சங்கா? அவருக்கு என்ன தெரியும், அவர் கவனமெல்லாம் மத்தளத்துல. கேன்டீன்காரன்டா. 'டோக்கன் எங்க?'ன்னு கேப்பான். உங்கப்பா அப்படியே கையை விரிச்சுக் காட்டுவாரு."

ரெண்டுமே சரியாத்தான் இருக்கும். ஊருக்கு ஊர் மாத்தியிருப்பார். அந்தக் கேசட்டுல எதைச் சொன்னார்னு இனி யாருக்கும் தெரியாது. சித்தப்பா சொன்னதையும் அம்மா சொன்னதையும் போன்ல பதிஞ்சு, பதினாறாவது பைல் பக்கத்துலயே வச்சிருக்கேன். பொண்ணு மூணையும் கேட்டுட்டு, "பாட்டி சொல்றதுதான் நல்லா இருக்கு"ன்னா.

இப்ப மூணு பிரதி இருக்கு. ஒண்ணு என் டிஸ்க்குல, ஒண்ணு தங்கச்சி வீட்டுல, ஒண்ணு நல்ல டிவிடியில. டிவிடியை எக்ஸ்ஓரிசோ வச்சு, மெதுவா, எழுதினதைத் திரும்பப் படிச்சு ஒப்பிட்டு எரிச்சேன். அப்பா பேசற பைல்களை உள்பக்கமா, முதல்ல வச்சேன். மேக்ஐசோஎஃப்எஸ்லயே "சார்ட்"னு எதை முதல்ல வைக்கணும்னு சொல்ற வசதி அப்பவே இருந்துச்சு. நான்தான் கையேட்டை அவ்வளவு தூரம் படிக்கல.

உங்க வீட்டுப் பரண்லயும் கல்யாண சிடி, பாட்டி குரல், காலேஜ் போட்டோன்னு ஒரு பை இருக்கும். இந்த ஞாயித்துக்கிழமை இறக்கிப் பாருங்க. பாடுதேன்னு முதல் பைலோட நிறுத்தாதீங்க, கடைசி பைலைப் போட்டுப் பாருங்க.

டிஸ்கி 1: ரெண்டு மூணு ரூபாய் மிச்சம் பண்ணினதைப் பத்தி தங்கமணி இதுவரைக்கும் ஒரு வார்த்தை கேக்கல. அதான் பயமா இருக்கு.

டிஸ்கி 2: வாட்ச்மேன் ஐயா எடுத்து வச்ச சனிக்கிழமை சிடிக்களையும் அதே ரைட்டர்ல போட்டுப் பார்த்தேன். எடுத்த பத்தும் சுத்தமா படிக்குது. போல்ட்டு நட்டு எல்லாம் பத்திரம்.